கல் அரிக்கும் கூடைக்கு நான் கட்டிய விளிம்பு

1. வேலைக்குச் சேர்ந்த நாள்

குருவிட்டையில் எனக்கு வேலை கொடுத்த முதலாளி முதலில் என் வாய்க்குள்தான் பார்த்தார். "தொற. நாக்கத் தூக்கு" என்றார். பிறகு தலைப்பாகையை அவிழ்க்கச் சொன்னார். ஒரு கத்தியும் வேட்டியும் மட்டும் இருந்த என் மூட்டையை உதறிப் பார்த்தார். நான் இன்னும் அவருடைய மாணிக்கக் குழியை எட்டிக்கூடப் பார்த்திருக்கவில்லை.

"உள்ள போறதுக்கு முன்னயே சோதிக்கிறீங்களே முதலாளி" என்றேன்.

"வரக்கொள்ள என்ன இருந்திச்சிண்டு பாத்தாத்தானே, போகக்கொள்ள என்ன கூடிச்சிண்டு தெரியும்."

அவர் பெயர் காசிம். இரத்தினபுரிப் பக்கத்தில் தலைமுறையாகக் கல் வியாபாரம் செய்யும் குடும்பம். எனக்கு முன்பு அவருக்குக் கூடை முடைந்து கொடுத்தவன் ஆற்றுக்கு அக்கரையில் இருந்த சிங்களவன். ஒரு நாள் அவனையும் வாயைத் திறக்கச் சொல்லியிருக்கிறார். அவன் அதோடு வருவதை நிறுத்திவிட்டான். அதனால்தான் எனக்கு இடம் கிடைத்தது.

நான் யட்டியாந்தோட்டைப் பக்கம் தேயிலையும் ரப்பரும் கலந்த ஒரு தோட்டத்தில் வளர்ந்தவன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு வரை போனேன். கொழுந்துக் கூடை முடையும் வேலை எங்கள் வரிசைக் குடியிருப்பான லயத்தில் பார்த்துப் பார்த்துக் கைக்கு வந்தது. ரப்பர் விலை விழுந்து ஆள் குறைத்தபோது கத்தியை எடுத்துக்கொண்டு நடந்தேன். கரவனெல்லையில் கொஞ்ச காலம் முறம் கட்டி விற்றேன். அங்கே மழை பிடித்துக்கொண்டது, மூங்கில் காயவில்லை. மறுபடி நடந்து குருவிட்டைக்கு வந்தேன்.

2. இரண்டு சாதிக் கூடை

இந்த மலைப்பக்கத்தில் கூடை வேலை இரண்டு கைகளில் இருந்தது. ஊருக்குள் இருந்த சிங்களக் குடும்பங்கள் நெல்லுக் கூடை, முறம், கல் அரிக்கும் கூடை எல்லாம் முடைந்தன. கல் அரிக்கும் கூடையை அவர்கள் 'வட்டிய' என்பார்கள். தட்டைப் போல அகலமாக, நடுவில் குழிந்து இருக்கும். தேயிலை வந்த பிறகு எங்கள் ஆட்கள் லயத்தில் கொழுந்துக் கூடை முடைய ஆரம்பித்தார்கள். அவர்கள் வேலையை நாங்கள் பார்த்ததில்லை. எங்கள் வேலையை அவர்களும் பார்த்ததில்லை. நடுவில் ஒரு ஓடைதான் இருக்கும், ஆனாலும் பழக்கம் கிடையாது.

முதலாளி மாதிரிக்கு ஒரு பழைய வட்டியவைக் கொடுத்தார். பின்னல் நன்றாகத் தெரிந்தது. விளிம்பு மட்டும் இல்லை. சுற்றிலும் மூங்கில் பிளாச்சு முனைகள் நீட்டிக்கொண்டிருந்தன. உளுத்துப் போய் உதிர்ந்திருக்கும் என்று நினைத்தேன். பின்னலை அப்படியே பார்த்துச் செய்தேன். விளிம்புக்கு எனக்குத் தெரிந்ததைச் செய்தேன்: உள்ளே ஒரு பட்டை, வெளியே ஒரு பட்டை, இரண்டையும் சேர்த்துப் பிரம்பால் சுற்றிக் கட்டு. கொழுந்துக் கூடை தலைக்கயிற்றில் தொங்குவதால் பாரம் முழுவதும் விளிம்பில்தான் வரும். ஒற்றைப் பட்டை போட்டால் பொழுது சாய்வதற்குள் பிய்ந்துவிடும்.

குழியில் கல் கழுவுகிறவன் பொடியப்பு. மெலிந்த ஆள், அதிகம் பேசமாட்டான். புதுக் கூடையை வாங்கி விளிம்பு முழுவதும் கட்டைவிரலால் மெதுவாகத் தடவிப் பார்த்தான். "நல்ல வேலை, மல்லி" என்று சிங்களத்தில் சொன்னான். மல்லி என்றால் தம்பி. எனக்குப் பெருமையாக இருந்தது.

3. மூக்கு அரிப்பு

அந்தக் குழியில் ஒரு கட்டுப்பாடு. கழுவுகிறவன் கோவணத்தோடுதான் நீரில் நிற்க வேண்டும். கை கூடையை விட்டு முகத்துப் பக்கம் போகக் கூடாது. எங்காவது அரித்தால் கரையில் காவல் இருக்கும் முதலாளியின் மச்சான் சலீம்தான் இறங்கி வந்து சொறிந்துவிட வேண்டும்.

"சலீம் நானா, மூக்கு" என்பான் பொடியப்பு. நானா என்றால் அவர்கள் பேச்சில் அண்ணன்.

"ஒன்ட மூக்கச் சொறியத்தானா எனக்கு வாப்பா சலீம்னு பேரு வச்சாரு" என்று முணுமுணுத்தபடி சலீம் இடுப்பளவு நீரில் இறங்குவார்.

புதுக் கூடையில் சில தடவை கழுவியிருப்பார்கள். அன்றைக்கு நான் கரையில் உட்கார்ந்து பிரம்பு சீவிக்கொண்டிருந்தேன். பொடியப்பு கூடையைச் சுழற்ற, சரளை வெளியே பறந்தது. கூடைக்குள் நீலமாக ஒன்று மின்னியது. நானும் பார்த்தேன், முதலாளியும் பார்த்தார். அடுத்த சுழற்சியில் அது இல்லை.

முதலாளி எழுந்து நின்றார். "கை ரெண்டையும் தூக்கு. அசையாத."

பொடியப்பு தூக்கினான். சலீம் இறங்கிக் கூடையைக் கவிழ்த்துப் பார்த்தார். அவனுடைய வாய், காது, கோவணம், விரல் இடுக்கு என்று ஒன்றையும் விடவில்லை. கல் இல்லை.

"முழுங்கிட்டான்" என்றார் முதலாளி. "பேதி எண்ண கொண்டா."

பொடியப்புவின் முகம் வெளுத்துப் போயிற்று. காரணம் எண்ணெய் அல்ல. ஒரு குழியில் பேதி எண்ணெய் குடித்தவன் என்று பேர் வந்தால், கல் வெளியே வராவிட்டாலும், அந்த ஆற்றோரத்தில் வேறு எந்தக் குழிக்காரனும் அவனை நீரில் இறக்கமாட்டான். அவனுக்குக் கழுவுவதைத் தவிர வேறு தொழில் தெரியாது.

4. கத்தி

நான் கூடையைப் பார்த்தேன். விளிம்பின் இரண்டு பட்டைகளுக்கும் நடுவே, பிரம்புச் சுற்று விலகிய இடங்களில், ஈரச் சரளை அடைத்துக்கொண்டிருந்தது. முழுக் கொழுந்து அங்கே போகாது. கல் போகும்.

சொன்னால் என்னைப் பிடிப்பார்கள் என்று தெரியும். தோட்டத்துத் தமிழன், வந்து சில வாரம்தான் ஆகிறது, எனக்காக ஒரு வார்த்தை பேச அந்த ஊரில் ஆள் கிடையாது. எண்ணெய்ப் போத்தல் வந்துவிட்டது. சலீம் பொடியப்புவின் தாடையைப் பிடித்தார்.

"முதலாளி, விளிம்ப அறுத்துப் பாருங்க" என்றேன்.

அவர் தன் கையாலேயே அறுத்தார். நீலக்கல் விழுந்தது. அதற்குப் பின்னால் இன்னும் இரண்டு சிறு கற்கள் விழுந்தன, முந்திய கழுவல்களில் போனவை. முதலாளி கல்லைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

"அறை வச்சுக் கட்டியிருக்கிறாய். யாரு சொல்லித் தந்த? இவனா?"

"எங்க பக்கத்துக் கூடை விளிம்பே இதுதாங்க. எந்தக் கொழுந்துக் கூடைய வேணும்னாலும் எடுத்துப் பாருங்க."

சலீமை மேல் ரோட்டுத் தோட்டத்துக்கு அனுப்பினார். அவர் ஒரு கொழுந்துக் கூடையோடு வந்தார். பின்னாலேயே கூடைக்காரி ஓடி வந்தாள்.

"பட்டப்பகல்ல கூடையப் பிடுங்கிட்டு வர்றாரு இந்த ஐயா. நான் மடியிலயா கொழுந்து எடுக்கிறது?"

முதலாளி கத்தியை எடுத்ததும் அவள் கூடையைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். "அறுக்காதீங்க. கைய வச்சுப் பாருங்க, கண்ணு இருக்குல்ல."

அவர் விரலை விட்டுப் பார்த்தார். அதே இரட்டைப் பட்டை, அதே பிரம்புச் சுற்று. இடுக்கிலிருந்து ஒரு காய்ந்த இலைத் துணுக்கு வந்தது. அதையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப வட்டியக்கு ஏன் இதக் கட்டின? மாதிரி தந்தேனே."

"நீங்க தந்ததுல விளிம்பே இல்லீங்களே."

நீரில் நின்றபடியே பொடியப்பு சொன்னான்: "பழைய கூடையை எறியறதுக்கு முன்னாடி விளிம்பை அறுத்துத் தேடுறது முதலாளிதானே. அதுல எப்பவும் ஒண்ணும் இருக்காது. ஊர்க்காரன் வெளியே மட்டும் ஒத்தப் பட்டை வைப்பான்."

சலீம் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார். கூடைக்காரி அடக்கவில்லை. முதலாளி எண்ணெய்ப் போத்தலை மூடினார்.

5. பிறகு

பொடியப்பு எண்ணெய் குடிக்காமல் தப்பித்தான். முதலாளிக்குச் சந்தேகம் தீராததால் அவன் வேலையும் நின்றது. என் வேலையும் நின்றதுதான், ஆனால் ஒற்றைப் பட்டையில் புதுக் கூடைகள் முடித்துக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார். நான் முடையும்போது எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். போகும் நாளில் மறுபடி வாயைத் திறந்து காட்டினேன்.

ரோட்டில் பொடியப்பு காத்திருந்தான். எஹெலியகொடைப் பக்கம் ஒரு குழியில் கழுவக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றான். என்னோடு கொஞ்ச தூரம் நடந்தான். எனக்கு நன்றி சொல்வான் என்று நினைத்தேன். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் கேட்டான்: "மல்லி, எனக்கு அந்த முதல் கூடை மாதிரியே ஒண்ணு கட்டித் தருவியா?"

நான் அவன் முகத்தைப் பார்த்தேன். அதில் ஒன்றும் தெரியவில்லை. விளிம்பைத் தடவிய அந்தக் கட்டைவிரல்தான் எனக்கு ஞாபகம் வந்தது. "பிரம்பு தீந்துபோச்சு அய்யே" என்று அண்ணன் முறை வைத்துச் சொல்லி வேறு பாதையில் திரும்பினேன். அவன் குற்றவாளியா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இந்த வேலைக்கு வரும் இளைஞர்களுக்குச் சொல்கிறேன். புது ஊரில் மாதிரிக்கு ஒரு பழைய பொருளைக் கொடுத்தால் பின்னலை எண்ணத் தொடங்காதீர்கள். அதில் எது இல்லை என்று முதலில் பாருங்கள். இல்லாததை யார் எடுத்தார்கள், என்ன தேடி எடுத்தார்கள் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் கத்தியை மூட்டையில் கட்டிக்கொண்டு அடுத்த ஊருக்கு நடப்பது நல்லது.