வேல்சாமி கிணறு வழிந்த கதை

சங்கரன்கோவில் நிலத்தடி நீர் ஆய்வு மையத்தில் நெல்லையம்மாள் கம்ப்யூட்டரோடு சண்டை போடுவது வராந்தா வரைக்கும் கேட்கும். கணக்கில் எம்.எஸ்ஸி. முடித்து, 1986-ல் அங்கே வேலைக்குச் சேர்ந்தவள்.

மழையளவையும் மண்வாகையும் கொடுத்தால் கிணறுகளின் நீர்மட்டத்தைக் கணித்துச் சொல்லும் ஃபோர்ட்ரான் புரோகிராம் ஒன்று அந்த மையத்தில் இருந்தது. எழுதியவர் மேலதிகாரி கோமதிநாயகம். பல கோப்புகளாகப் பிரிந்து கிடந்த புரோகிராம் அது. ஒரு வரியைத் திருத்தினாலும் எல்லாக் கோப்பையும் முதலிலிருந்து கம்பைல் செய்து, மெஷினுக்குப் புரியும் மொழிக்கு மாற்றியாக வேண்டும். பாதியில் கரண்ட் போனால் மறுபடியும் ஆரம்பம்.

"சார், புது மெஷின்ல 'மேக்'னு ஒண்ணு இருக்கு. எந்தக் கோப்புக்கு எது வேணும்னு எழுதிக் கொடுத்துட்டா, தேவையானதை மட்டும் கம்பைல் பண்ணும்."

"இப்பவும் நல்லாத்தானம்மா ஓடுது?"

"ஓடுது சார். அது முடியதுக்குள்ள நான் புளியங்குடி போயி எலுமிச்சம்பழம் வாங்கிட்டு வந்துருவேன்."

கோமதிநாயகம் சிரித்துவிட்டார். "சரி, செஞ்சு பாரு."

செய்தாள். ஒரு டீ குடிப்பதற்குள் வேலை முடிந்தது. அந்தக் குஷியில், வெயிலில் ஆவியாகிற நீரின் அளவையும் கணக்கில் சேர்த்தாள்.

அன்றைக்கென்று திருவேங்கடம் ஊரில் விவசாயம் பார்க்கும் சம்சாரி வேல்சாமி வந்திருந்தார். தை மாதம் கிணறு கைகொடுக்குமா என்று தெரிந்துகொண்டு விதைக்கலாம் என்பது அவர் எண்ணம். பிரிண்டர் கடகடவென்று அடித்துத் தள்ளிய தாளை நெல்லையம்மாள் இரண்டு தடவை பார்த்தாள்.

"அண்ணாச்சி... உங்க கிணறு இன்னைக்கு வழியுதுன்னு சொல்லுது."

"வழியுதா? காலைல எட்டிப் பாத்துட்டுத்தானம்மா பஸ் ஏறுனேன். தவளைகூடக் காலி பண்ணிட்டுப் போயிருச்சே!"

ஆபீஸே சிரித்தது. அவளுக்கு முகம் சுட்டது. கோமதிநாயகம் அறையிலிருந்து எழுந்து வந்தார். அப்பவே சொன்னேனே என்பார் என்று காத்திருந்தாள். அவரோ நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பல கோப்பும் எண் எடுத்துக்கிடுத அந்தப் பொதுக் கோப்புல என்னமும் சேத்தியா?"

"ஒரு எண்ணைச் சேத்தேன் சார்."

"அதை எந்தெந்தக் கோப்பு எடுத்துக்கிடுதுன்னு மேக்குக்குச் சொன்னியா?"

சொல்லவில்லை. அதனால் மேக் சில கோப்புகளை மறுபடி கம்பைல் செய்யாமல் விட்டுவிட, அவை பழைய வரிசையிலும் மற்றவை புது வரிசையிலும் எண்களைப் படித்திருந்தன. நீர்மட்டம் இருக்கவேண்டிய இடத்தில் வேறு ஏதோ எண் போய் உட்கார்ந்துவிட்டது. கோமதிநாயகம் ஒவ்வொரு கோப்பாக ஞாபகத்திலிருந்து சொல்ல, அவள் தட்டிக்கொண்டே வந்தாள்.

"கல்யாணப் பத்திரிகை வைக்க மாதிரில்லா இருக்கு சார்."

"ஆமா, ஒரு வீட்டை விட்டாலும் சண்டைக்கு வந்துருவான்."

இந்தத் தடவை தாளில் வேல்சாமியின் கிணறு அவர் பார்த்தபடியே அடிமட்டத்தில் கிடந்தது. தை மாதத்திலும் பெரிதாக ஏறாது என்றது கணக்கு.

"அப்பம் மொளகா வேண்டாம், மானாவாரிச் சோளமே போட்டுருதேன்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார் அவர்.

திங்கள்கிழமை நெல்லையம்மாள் வந்தபோது, அவளுடைய நாற்காலியில் கோமதிநாயகம் இருந்தார். தன்னுடைய மழைக் கணக்குப் புரோகிராமையும் மேக்குக்கு மாற்றிக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் பொறும்மா," என்றார் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "ரொம்ப ருசியாத்தான் இருக்கு இது."