நம்பர் பிய்த்த நீலக் கவுன்

வேலை விட்டு வந்து அம்மா குனிந்து செருப்பைக் கழற்றும்போது அவள் தலையிலிருந்து பஞ்சுத் தூசி உதிரும். கிட்டே போனால் மெஷின் எண்ணெயும் புதுத்துணிக் கஞ்சியும் கலந்த வாசம் அடிக்கும், சவர்க்காரம் தேய்த்துக் குளித்தாலும் அது அரைகுறையாகத்தான் போகும். கண்டிக்கு வெளியே ஒரு “கார்மன்ட்” தொழிற்சாலையில் அவள் கழுத்துப்பட்டி தைத்தாள். கடைக்குப் போனால் நிறமா, அளவா என்று பார்க்கமாட்டாள். எந்த உடுப்பையும் முதலில் உட்புறம் திருப்பித் தையலைத்தான் பார்ப்பாள். “பாவம், அவசரத்துல ஓட்டியிருக்கா” என்று யாரோ முகம் தெரியாதவளுக்காக இரக்கப்பட்டுவிட்டுத் திருப்பி வைப்பாள். கடைக்காரர் முறைக்க, நான் வெட்கத்தில் தெருவைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

தொழிற்சாலையில் வெட்டிய துணித் துண்டு ஒவ்வொன்றிலும் எந்தக் கட்டைச் சேர்ந்தது என்று காட்டும் சின்ன “நம்பர்” ஒட்டியிருப்பார்கள். தைத்து, பட்டன் வைத்து, கடைசியில் துப்புரவு பார்க்கும் இடத்தில்தான் அதைப் பிய்ப்பார்கள். வருடக் கடைசியில் வேலையாட்களுக்கு விற்கும் பழுதுத் துணிகளில் நம்பர் அப்படியே இருக்கும். போட்டால் முதுகில் உறுத்தும். அவற்றைப் பிய்ப்பது எங்கள் வீட்டில் என் வேலை. நகத்தால் கிளப்பி, பசை இருந்த இடத்தைத் துணியில் தொட்ட தேங்காயெண்ணெயால் துடைத்து, நூல் ஒன்றுகூட இழுபடாமல் எடுப்பேன். எனக்கிருந்த ஒரே கைவேலை அதுதான், அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

எனக்குப் பதினொரு வயது. தீபாவளிக்கு இரண்டு வாரம் இருந்தது. அம்மாவுக்கு இரண்டு மெஷின் தள்ளி இருந்து உடுப்புகளுக்குக் கை பொருத்தித் தைத்த, நான் சித்தி என்று கூப்பிடும் சாந்தியின் பெயரில் ஒரு கட்டுக் கவுன் காணாமல் போயிருந்தது. அவள் கைக்கு வந்ததாகப் பதிவு இருந்தது, அவளைத் தாண்டிப் போனதாக இல்லை. வாசலில் எல்லோர் முன்னாலும் அவள் பையைக் கொட்டிச் சோதித்தார்கள். திங்கட்கிழமை விசாரணை. அவளுக்கு அப்போதுதான் கல்யாணம் பேசியிருந்தார்கள்; “திருடி” என்று பெயர் வந்தால் மாப்பிள்ளை வீட்டார் படியேறுவார்களா என்று அம்மா சோற்றைப் பிசைந்துகொண்டே புலம்பினாள்.

அந்தச் சனிக்கிழமை கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்தடியில், நடைபாதை வியாபாரி ஒருவர் விரித்திருந்த குவியலில் நீலக் கவுன் ஒன்றைப் பார்த்துவிட்டு நான் அது வேண்டுமென்று அழுது காலை ஊன்றிக்கொண்டேன். “எக்ஸ்போர்ட் சாமான் அக்கா, கடைல கெடைக்காது” என்றார் அவர். அம்மா வழக்கம்போல உட்புறம் திருப்பினாள். பிறகு வெளிப்புறம் திருப்பிப் பட்டனைத் தடவினாள். மறுபடி உட்புறம். கேட்ட விலைக்கே வாங்கிவிட்டாள். என் அழுகைதான் வென்றது என்று நினைத்தேன். அவள் கண்டது வேறு. உள்ளே ஒட்டியிருந்தது காணாமல் போன கட்டின் நம்பர்; பட்டன் வைப்பதோ சாந்தியின் கையை விட்டுப் போன பிறகு நடக்கிற வேலை. அப்படியானால் கட்டு அவளைத் தாண்டித்தான் தொலைந்திருக்கிறது. அதைக் காட்ட அந்தக் கவுன் போதும்.

இதை அவள் எனக்குச் சொல்லவில்லை. சின்னப்பிள்ளை வாய், வெளியே உளறிவிடும் என்று பயந்திருப்பாள். கவுனை அலுமாரியில் வைத்துவிட்டாள். ஞாயிறு காலை அவள் துணி துவைக்க ஆற்றுக்குப் போன நேரம் பார்த்து, நான் அதை எடுத்து, எல்லா நம்பரையும் பிய்த்து, எண்ணெய் தொட்டுத் துடைத்து, பிய்த்ததை அடுப்பில் போட்டேன். அம்மா மெச்சுவாள் என்றுதான்.

“இத யாரு புள்ள பிச்சது?”

“நான்தாம்மா. ஒரு நூல்கூட இழுபடல, பாருங்க.”

அம்மா கதிரையில் உட்கார்ந்து கவுனை மடியில் போட்டுக்கொண்டாள். பசை இருந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “நல்லாத்தான் பிச்சிருக்க” என்றாள். “அந்த நம்பர்லதான் புள்ள சாந்தி மானமே இருந்துச்சு.” அடித்திருக்கலாம். அடிக்கவில்லை.

இருந்தும் திங்கட்கிழமை அவள் அதை ஒபிசுக்குக் கொண்டுபோனாள். நம்பர் இல்லாத கவுன் எந்தக் கட்டிலிருந்தும் வந்திருக்கலாம் என்றார்கள். இது உனக்கு எப்படிக் கிடைத்தது என்று அவளையே திருப்பிக் கேட்டார்கள். அம்மாவுக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள், சாந்தி சித்தியை வேலையிலிருந்து நிறுத்தி வீட்டுக்கு அனுப்பினார்கள். பேசிய கல்யாணமும் நின்றது. அந்தத் தீபாவளிக்கு நான் பழைய சட்டையோடு வீட்டுக்குள்ளேயே கிடந்தேன்.

இப்போது அந்தத் தொழிற்சாலை இல்லை. அங்கே கல்யாண மண்டபம் இருக்கிறது. கோபுரத்தடியில் துணி விரித்தவர்களையும் காணவில்லை. பேராதனையில் படிக்கும் என் மகள் உடுப்போ சப்பாத்தோ வாங்கப் போனால், அதில் தொங்கும் அட்டையை வரி விடாமல் வாசிக்கிறாள். தைத்தவர்களை நியாயமாக நடத்தினோம் என்று சில அட்டைகளில் எழுதியிருக்கிறது, சிரிக்கிற பெண்ணின் படமும் உண்டு. “நம்பலாமாம்மா?” என்று கேட்கிறாள். நல்ல பிள்ளை, கேட்கத்தான் வேண்டும். மூன்று கடை ஏறி இறங்கி வெறுங்கையோடு வருகிறோம், கால் வலிக்கிறது.

போன வருடம் அம்மாவின் சாவு வீட்டுக்குச் சாந்தி சித்தி வந்திருந்தாள். தலை முழுக்க நரை. கெலிஓயாவில் அண்ணன் வீட்டோடு இருக்கிறாளாம். என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

“ஒங்கம்மா எங்கிட்ட எம்புட்டு அழுதாங்க தெரியுமா? ‘பழக்கதோசத்துல நானே பிச்சுட்டேன் சாந்தி, மன்னிச்சிரு’ன்னு. தீவாளிக்குத் தீவாளி வந்து கேப்பாங்க. நான் எப்பயோ மன்னிச்சுட்டேன் புள்ள.”

நான் அவளுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். சீனி போதுமா என்று கேட்டேன்.

கண்டியிலிருந்து கெலிஓயாவுக்கு அடிக்கடி பஸ் இருக்கிறது. நான் இன்னும் ஏறவில்லை.