நிலைக்காலில் ஒரு புள்ளி

வானூர் ஹார்டுவேர் கடைக்காரர் மூன்று கவராயங்களை எடுத்து வைத்தார். ஒன்றை விரித்து, ஒரு பலகையில் இரண்டு முனைகளையும் அழுத்திக் குத்தினேன். பிறகு மேசைமேல் தட்டிவிட்டு, அதே புள்ளிகளில் வைத்துப் பார்த்தேன்.

“ஏம்மா, இப்டி தட்டுனா எது நிக்கும்?”

அப்பா தட்டமாட்டார். மரக்காணத்தில் உப்பள மதகுகளுக்குப் பலகை இழைத்தவர். புதுக் கவராயத்தை ஆறு அங்குலம் விரித்து, பலகையில் குத்தி, ஆணியில் மாட்டிவிடுவார். மறுநாள் காலையிலும் முனைகள் அதே புள்ளிகளில் விழுந்தால்தான் நம்புவார்.

2004 கிறிஸ்துமசுக்கு மறுநாள் கடல் என் தம்பியைக் கொண்டுபோனது. வீட்டுக்குள் புகுந்த உப்புத்தண்ணீரில் கவராயமும் துருவேறியது. அடுத்த கிறிஸ்துமஸ் சமயம் அப்பா புதிதாக ஒன்று வாங்கி மாட்டினார். காலையில் அது இரண்டு அங்குலமாகச் சுருங்கியிருந்தது. ஸ்க்ரூவை இறுக்கி மறுபடி மாட்டினார். மறுநாளும் அதே இரண்டு அங்குலம்.

“இது ஆவாது, திருப்பிக் குடுத்துட்றேன்” என்றார்.

அம்மா அதைப் பிடுங்கிக்கொண்டு வாசல் நிலைக்காலுக்குப் போனாள். கிறிஸ்துமஸ்தோறும் தம்பியின் உயரத்தை அப்பா அங்கேதான் குத்திவைப்பார். கடைசிப் புள்ளியில் ஒரு முனையை ஊன்றி, மேல்முனையால் புதுப்புள்ளி வைத்தாள்.

“பாருங்க, புள்ள இந்த வருஷம் இவ்ளோ வளந்திருக்கான்.”

அப்பா கவராயத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அதன்பின் ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் அம்மாவே அதை விரித்து ஆணியில் மாட்டி, காலையில் சுருங்கிய அளவுக்குப் புள்ளி வைத்தாள்.

“மூணுல இது மட்டும்தான் அசையலம்மா” என்றார் கடைக்காரர்.

அதையே வாங்கினேன். வீட்டு ஆணியில் இனி, சுருங்காத இதுதான் தொங்க வேண்டும். தம்பி என் தலையைத் தாண்டிப் பல வருடமாகிறது. இந்தக் கிறிஸ்துமசுக்குப் புள்ளி வைக்க நிலைக்காலில் இடமில்லை.