நெற்றியில் இருந்த கை

எழுபதுகளின் நடுவில், சோதனை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த மாதங்களில், நானும் பாலையூற்றிலிருந்து வந்த இன்னொரு பெண்ணும் துறைமுகத்தைப் பார்த்தபடி இருந்த ஓர் ஆஸ்பத்திரியில் தொண்டர்களாக வேலை செய்தோம். சம்பளம் இல்லை, மத்தியானச் சாப்பாடு உண்டு. எங்களை மேல்மாடியில், பெண்களின் கண் வார்டில் விட்டிருந்தார்கள்.

கண்புரை அறுவைக்குப் பிறகு இரண்டு கண்களையும் கட்டி, தலையின் இரு பக்கமும் மணல் பைகளை அணைத்து, நாள் கணக்கில் அசையாமல் மல்லாக்கக் கிடத்திவைப்பது அந்தக் காலத்து வழக்கம். ஊட்டுவதும் தண்ணீர் பருக்குவதும் வாய் துடைப்பதும் எங்கள் வேலை. வார்டுக்குப் பொறுப்பான தாதி, எங்களுக்கு மிஸி, முதல் நாளே ஒரு விதியைச் சொல்லித்தந்தார். கட்டிலை நெருங்குமுன் குரல் கொடுக்க வேண்டும். குரல் கொடுக்காமல் யாரையும் தொடக்கூடாது. நோயாளி திடுக்கிட்டு எழும்பினால் தையல் விட்டுவிடும்.

மூதூரிலிருந்து லோஞ்சுப் படகில் வந்த ஒரு முஸ்லிம் மூதாட்டி ஜன்னலோரக் கட்டிலில் இருந்தார்; எல்லோருக்கும் அவர் உம்மா. அவருடைய வலக்கண் முந்திய அறுவையோடு போய்விட்டது. பகல் தூக்கத்தில் தன்னை அறியாமல் எழுந்து உட்கார்ந்ததால் நேர்ந்தது அது. மிஞ்சியது இப்போது அறுவை செய்த இடக்கண் மட்டும். ஆகவே மத்தியானத்தில் அவர் உறங்கும்போது எங்களில் ஒருத்தி பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து, நெற்றியில் கையை வைத்துக்கொள்ள வேண்டும் என்று மிஸி ஏற்பாடு செய்தார்.

வெக்கையான கச்சான் காற்று அடித்த ஒரு மத்தியானம், நிலாவெளி வீதியில் பஸ் ஒன்று புரண்டு, காயக்காரரைக் கொண்டுவந்தார்கள். எல்லோரையும் கீழே கூப்பிட்டார்கள். மிஸி போனார், நிலம் கழுவிக்கொண்டிருந்தவளும் போனாள். பாலையூற்றுப் பெண் உம்மாவோடு இருக்கிறாள் என்று நினைத்து நானும் இறங்கினேன். கீழே நான் காயம் கழுவும் அறையில் நின்றேன். அவளை நான் காணவில்லை.

திரும்பி வந்தபோது வார்டு அமைதியாக இருந்தது. ஜன்னல் கொளுவி மட்டும் காற்றில் தட்டிக்கொண்டிருந்தது. உம்மா விழித்திருந்தார். மணல் பைகள் இடம் மாறவில்லை. வழக்கம்போல் குரல் கொடுத்தேன். அவர் சிரித்தார்.

"இப்ப என்னத்துக்குக் குரல் குடுக்கிறீங்க? அப்ப பேசாம வந்துதானே புடிச்சீங்க. கனவில எழும்பப் பாத்தன், விடல்ல. இந்த வெக்கையில உங்கட கை என்ன மகள் இவ்வளவு குளிர்?"

அது மற்றவளாக இருக்கும் என்று எண்ணி, ஆமோதிப்பாக ஓம் என்று சொல்லிவைத்தேன். பின்னேரம் பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது அவளிடம் கேட்டேன்.

"என்னை ஏன் கேக்கிறீர்? நான் கீழ எக்ஸ்ரே அறையடியில நிண்டனான். நீர்தானே உம்மாவோட இருந்தனீர்."

மறுநாள் பக்கத்துக் கட்டில்காரியைக் கேட்டோம். அவர் மீன் விற்கும் கத்தோலிக்கப் பெண். வார்டில் எல்லோரையும்போல் அவருக்கும் கண்கள் கட்டியிருந்தன. காலடிச் சத்தம்கூடக் கேட்கவில்லை என்றார். "பேயெண்டாலும் இஞ்ச வந்து என்ன செய்யிறது பிள்ளை? பயப்பிட ஆருக்குக் கண் தெரியும்?"

மிஸியிடம் சொன்னோம். அவர் தையலைப் பற்றித்தான் முதலில் கேட்டார். உம்மாவுக்கு எதுவும் தெரியவேண்டாம், பயந்து எழும்பினால் மிஞ்சிய கண்ணும் போய்விடும் என்றார். ஆகவே நாங்கள் எங்கள் முறைப்படியே இருந்தோம். எங்கள் கை பட்டதும், இது அன்றைக்குப் பிடித்த கை இல்லை என்பார் உம்மா. சில நாட்களில், என் கை அவர் நெற்றியில் இருக்கும்போதே, "ஆ, இப்ப சரி" என்று முணுமுணுத்து உறங்கிவிடுவார். என் கை வியர்த்தபடிதான் இருந்தது. அதை எடுக்கவும் பயம், வைத்திருக்கவும் பயம்.

கட்டு அவிழ்த்த காலையில் டாக்டரும் மிஸியும் நாங்கள் இருவரும் கட்டிலைச் சுற்றி நின்றோம். தடித்த கண்ணாடி பிறகுதான் கிடைக்கும், இப்போதைக்கு உருவங்கள் மங்கலாகத் தெரிந்தால் போதும் என்றார் டாக்டர். விரல்களைக் காட்டினார். உம்மா சரியாகச் சொன்னார். யார் யார் நிற்கிறார்கள் என்று டாக்டர் கேட்டார். வெள்ளைக் கோட்டு, மிஸியின் தொப்பி, இரண்டு பிள்ளைகள். அதுவும் சரி. பிறகு உம்மா, டாக்டருக்குக்கூட இழுக்காத முக்காட்டை நெற்றிவரை இழுத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"புள்ளையளுக்குப் பின்னால நிக்கிற ஆம்பிளைய வெளியில போகச் சொல்லுங்க."

எங்களுக்குப் பின்னால் சுவர்தான் இருந்தது. கண்ணில் ஏதோ கோளாறு என்று டாக்டரின் முகம் வாடிவிட்டது. மிஸி திரும்பிச் சுவரைப் பார்த்தார். நோயாளரைப் பார்க்க வருகிறவர்களிடம் கதைக்கும் அதே குரலில் சொன்னார்.

"நேரம் முடிஞ்சுது. நீங்கள் போகலாம்."

உம்மாவின் இடக்கண் மெல்ல நகர்ந்தது. என் தோளைக் கடந்து, கட்டில் வரிசை நெடுகிலும் தடங்கலில்லாமல் போய், வாசலில் நின்றது. டாக்டர் குனிந்து அந்த அசைவையே கவனித்துக்கொண்டிருந்தார். நடமாட்டத்தை இவ்வளவு நன்றாகப் பின்தொடரும் கண்ணுக்கு இனிப் பயமில்லை என்றார்.

உம்மா முக்காட்டைத் தளர்த்திக்கொண்டார்.