கோழி வைரஸ் மேடம்

நான் ஆராய்வது உப்பளத்து நீரில் வாழும் நுண்ணுயிர்களைத் தாக்கும் வைரஸ்களை. மனிதருக்கோ மாட்டுக்கோ அவற்றால் ஒரு தும்மல்கூட வராது. அதனாலேயே உலகம் அவற்றைக் கண்டுகொள்வதில்லை. நாம் எழுதிய கட்டுரையை இன்னொருவர் தம் கட்டுரையில் எடுத்துக்காட்டினால் அது ஒரு மேற்கோள். எங்கள் தொழிலில் மரியாதை, பதவி உயர்வு எல்லாம் அதை வைத்துத்தான். என் கட்டுரைகளை விடாமல் மேற்கோள் காட்டி வந்த ஒரே ஆள் நான்தான்.

மரக்காணத்தில் உப்பளம் வைத்திருக்கும் என் தாய்மாமா ஒருநாள் இணையத்தில் என் பெயரைத் தேடியிருக்கிறார். வந்தது வேறொருவருடைய கட்டுரைகளையும் மேற்கோள்களையும் பட்டியலிடும் பக்கம். அதே பெயர், அதே இனிஷியல். வெளிநாட்டில் கோழி நோய் வைரஸ்களை ஆராயும் பெண்மணி. அவருடைய மேற்கோள்களை எண்ணினால் மரக்காணம் ஜனத்தொகையே வந்துவிடும்போல. என் உப்புக் கட்டுரைகள் சிலவும் அந்தப் பக்கத்தில் தவறுதலாகச் சேர்ந்திருந்ததால் மாமாவுக்குச் சந்தேகமே எழவில்லை. உப்பள முதலாளிகள் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்துக்கு என்னைச் சிறப்பு விருந்தினராக்கிவிட்டார். "சும்மா வந்து ரெண்டு வார்த்த பேசிட்டுப் போம்மா" என்றார். போனேன்.

மேடையில் அவர் மைக்கைப் பிடித்தபோதுதான் விஷயம் புரிந்தது.

"நம்ம பொண்ணு கோழி வைரஸ்ல உலக லெவல்ல இருக்குது. எத்தன நாட்டுக்காரன் அது எழுதனத எடுத்து எழுதறான் தெரியுமா?"

கைதட்டல் அடங்குவதற்குள், முன்வரிசையில் இருந்த ஒரு விவசாயி அம்மா எழுந்து, ஒயர் கூடையிலிருந்து ஒரு கோழியை வெளியே எடுத்தார். அது கழுத்தை முறுக்கிக்கொண்டு வானத்தைப் பார்த்தது.

"தலைய ஒரே பக்கமா திருப்பிக்கினே இருக்குதும்மா. பச்சையா கழியுது. நீங்க வர்றீங்கன்னு சொன்னாங்க, கையோட தூக்கினு வந்துட்டேன்."

இதை மறைக்கக்கூடாது என்று மைக்கை வாங்கினேன். "மன்னிச்சிடுங்க. மாமா பாத்தது வேற ஒருத்தரோட பக்கம். நான் கோழி வைரஸ் பண்ணல. நம்ம உப்பளத் தண்ணில இருக்கிற வைரஸதான்..."

"உப்புல வைரஸா?" என்றது பின்னால் ஒரு குரல். நாலைந்து செல்போன்கள் உயர்ந்தன. அதனால் யாருக்கும் கெடுதல் இல்லை என்று நான் சொல்ல வாய் திறந்தேன், மைக் செத்துவிட்டது. மேடையோரம் சங்கத் தலைவர் மைக்செட்காரரிடம் 'நிறுத்து' என்று இன்னும் கையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

மாமா என் காதருகே வந்து பல்லைக் கடித்தார். "ஏம்மா, உப்பு விக்கிற ஊர்ல வந்து பேசற பேச்சா இது? கோழின்னே இருந்துட்டுப் போயேன்!"

உயிர் வந்த மைக்கில் தலைவர் அறிவித்தார்: "மேடம் தமாஷ் பண்றாங்க. கோழி வைரஸ்தான்."

சால்வை போட்டார்கள். கோழியை என் மடியில் வைத்துப் போட்டோ எடுத்தார்கள். அது சால்வையிலேயே பச்சையாகக் கழிந்தது.

வேறு வழியில்லாமல் அன்று மாலையே என் பெயர்க்காரிக்கு நடந்ததை எழுதி, கோழியின் வீடியோவையும் அனுப்பினேன். பெரிய மனுஷி, பதில் வராது என்றுதான் நினைத்தேன். உடனே வந்தது. பார்த்தால் வெள்ளைக் கழிச்சல் நோய் போலிருக்கிறது, பெயர்தான் வெள்ளை, பச்சையாகவும் கழியும், அந்தக் கோழி பிழைப்பது கஷ்டம், அதைத் தனியே வைத்துவிட்டு நன்றாக இருக்கும் மற்றவற்றைக் கால்நடை மருத்துவரிடம் காட்டித் தடுப்பூசி போடச் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தார். கீழே ஒரு வரி: ஒரு கருத்தரங்கில் உப்பள வைரஸ் பற்றி அவரைக் கேள்வி கேட்டார்களாம், ஒன்றும் புரியாமல், நேரமாகிவிட்டது என்று சொல்லி இறங்கிவிட்டாராம்.

விவசாயி அம்மாவிடம் போனில் சொன்னேன். அந்தக் கோழி செத்துப்போனது, மற்றவை தப்பின. "நீங்க கைராசிக்காரங்கம்மா" என்றார். இப்போது ஆட்டுக்கு இருமல் என்றாலும் எனக்குத்தான் போன்.

நாங்கள் இருவரும் சேர்ந்து ஓர் ஆய்விதழுக்கு, பெயர்க் குழப்பம் மேற்கோள் கணக்கை எப்படிப் புரட்டுகிறது என்று ஒரு பக்கக் குறிப்பு எழுதினோம். அச்சுக்கு முந்தைய படி வந்தது. கட்டுரையாசிரியர் பெயர் தவறுதலாக இருமுறை வந்திருந்ததால் ஒன்றை நீக்கிவிட்டோம் என்று பணிவோடு தெரிவித்திருந்தார்கள்.

நீக்கப்பட்டது யார் என்று நாங்கள் போனில் சிரித்துச் சிரித்து விவாதித்தோம். கடைசியில் திருத்தி இரண்டு பெயரையும் போட்டார்கள். அந்தக் குறிப்பைச் சிலர் மேற்கோளும் காட்டியிருக்கிறார்கள். எல்லாம் அவர் பக்கத்தில்தான் ஏறுகிறது.