ட்ரிகர் மோடில் விட்டுவிட்டு வந்தேன்

2005-இல் கடலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் சிதம்பரம் போய் எலக்ட்ரானிக்ஸ் படித்தேன். லேபில் என் ஜோடி ஒரு புவனகிரிக்காரன். நான் நாலு தடவை படித்தும் மண்டையில் ஏறாததை அவன் பஸ்ஸில் நின்றபடி ஒரு புரட்டு புரட்டிவிட்டு வந்து சொல்வான். சொல்லிவிட்டு, “உனக்கும் வந்துரும் மச்சான்” என்பான். அதில்தான் எனக்கு இன்னும் எரியும்.

அந்த முறை பிராக்டிகலில் முதலாவதாக வருபவனை விடுமுறையில் தன் ஆய்வுக்குச் சேர்த்துக்கொள்வதாக ஒரு பேராசிரியர் சொல்லியிருந்தார். ஒரே இடம். எனக்கு அது வேண்டும். அதைவிட, அவனுக்குக் கிடைக்கக் கூடாது.

தேர்வில் என் நம்பருக்கு அடுத்தது அவன் நம்பர். ஒரே மேசை, ஒரே சிக்னல் ஜெனரேட்டர். முடித்தவன் ஒயரைக் கழற்றிவிட்டு எழுவான். மோடு சுவிட்சை யாரும் தொடுவதில்லை. அது எப்போதும் கன்டினியுவஸில்தான் கிடக்கும், அலை தானாக வந்துகொண்டே இருக்கும். ட்ரிகரில் வைத்தாலோ உத்தரவு வரும்வரை பெட்டி மூச்சு விடாது. பட்டனை ஒருமுறை அழுத்தினால் ஒரே ஒரு அலை. இது தெரியாமல், அவன் வராத ஒரு நாள், மத்தியானம் முழுக்க ஒயர் ஒயராக மாற்றிப் பார்த்திருக்கிறேன்.

எழும்போது சுவிட்சை ட்ரிகருக்குத் தள்ளிவிட்டு வந்தேன்.

கதவருகே நின்று பார்த்தேன். அலையைக் காட்டும் திரையில் வெறும் கோடு. அவன் ஒயரை மாற்றினான். எனக்குக் குளுகுளுவென்று இருந்தது. பிறகு குனிந்து பார்த்தான், பட்டனைத் தட்டினான். ஒரு அலை வந்து போனது. தேர்வாளர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“கேட் மோடுன்னா என்ன?”

“வெளிய இருந்து சிக்னல் இருக்கற வரைக்கும் அலை வரும் சார், அது நின்னா இதுவும் நின்னுடும். பர்ஸ்ட் மோடுல வச்சா, ஒரு தட்டுக்கு நாம சொன்ன எண்ணிக்கை மட்டும் வரும்.”

என்னை ஒரே கேள்வியோடு அனுப்பியவர் அவனிடம் கால் மணி நேரம் பேசினார்.

வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டான். “நீ வேணும்னேதான் ட்ரிகர்ல வச்சன்னு தெரியும்டா. நேத்துதான அதப் படிச்சேன்னு உங்கிட்ட சொன்னேன்? வேற யாரு மச்சான் எனக்காக இப்புடி செய்வாங்க?”

சொல்லியிருப்பான். அவன் படிப்பைப் பற்றி ஆரம்பித்தாலே நான் காதில் வாங்குவதில்லை.

“ஆமாண்டா” என்றேன்.

அந்த இடம் அவனுக்கே போனது. அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். என்னை அவ்வளவு நல்லவனாக நினைக்க அவனால் முடிந்ததே, அதைத்தான் தாங்க முடியவில்லை.