வெள்ளிமலையில் அறிவுச்செல்வனின் உலகக் கோப்பை

கள்ளக்குறிச்சி துருகம் சாலையில் கைப்பேசிக் கடை வைத்திருக்கும் அறிவுச்செல்வனுக்கு உடைந்த திரை மாற்றுவதில் நல்ல கை. தண்ணீரில் விழுந்த போனாக இருந்தாலும் சரி, டிராக்டர் ஏறிய போனாக இருந்தாலும் சரி, அவனிடம் கொடுத்தால் பேசும். அந்தக் கையை மட்டும் நம்பியிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பான். ஆனால் திரை மாற்றுவது அவனுக்குக் கேவலமாகப்பட்டது. விசிட்டிங் கார்டில் தன் பெயருக்குக் கீழே 'தொழில்முனைவோர், கனவாளர்' என்று அச்சடித்திருந்தான். அந்தக் கனவுகளின் மிச்சமெல்லாம் கடையின் பின்கட்டில் கிடந்தன. யாரும் வாங்காத செல்ஃபி குச்சிகள் ஒரு கட்டு. கொரோனா காலத்தில் போனுக்குக் கிருமி நீக்க வாங்கிய நீல விளக்குப் பெட்டிகள் ஒரு குவியல். அதில் ஒன்றில் அவன் மனைவி ஜெயசுதா ஹேர்பின் போட்டு வைத்திருந்தாள். ரீசார்ஜ், சிம்கார்டு, போன் உறை என்று கடையை உண்மையில் நடத்திக்கொண்டிருந்தவள் அவள்தான்.

இந்தியாவில் கிரிக்கெட் உலகக் கோப்பை நடந்த வருடம், சென்னையில் ஒரு பெரிய ஓட்டலில் ஒருநாள் கருத்தரங்கு என்று அவனுக்கு வாட்ஸ்அப்பில் அழைப்பு வந்தது. சர்வதேச விளையாட்டுத் திருவிழாக்களில் கைப்பேசித் தொழில் வாய்ப்புகள் என்பது தலைப்பு. நுழைவுக் கட்டணத்தில் காலைச் சிற்றுண்டியும் ஒரு சான்றிதழும் அடக்கம். கோட்டு போட்ட ஒருவர் மேடையில் நடந்துகொண்டே பேசினார். பதினொரு பேர் ஆடுகிறார்கள், நூறு கோடிப் பேர் போனைத் தடவுகிறார்கள், அந்தத் தடவலில் உங்கள் பங்கு என்ன என்று கேட்டார். யாரும் தொடாத சந்தையைத் தொடுங்கள் என்றார். அறிவுச்செல்வனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. திரும்பி வரும் பேருந்தில் விழுப்புரம் தாண்டுவதற்குள் அவன் யாரும் தொடாத சந்தையைக் கண்டுபிடித்துவிட்டான். கல்வராயன் மலை.

அந்த மலைமேல் இருக்கும் வெள்ளிமலை ஊரில் சமுதாயக் கூடத்தைப் பிடித்து, பெரிய திரை கட்டி, போனில் வரும் நேரடி ஒளிபரப்பைப் புரொஜெக்டரில் போடுவது திட்டத்தின் பாதி. மறுபாதி ஒரு ஆப். ஃபோர், சிக்ஸர், விக்கெட் எது விழுந்தாலும் அந்த ஆப் தமிழில் கத்தும். கத்தலுக்குக் கீழே விளம்பரம் ஓடும். கூடத்துக்குள் வர டிக்கெட் கிடையாது, ஆப்பை ஏற்றிக்கொண்டால் போதும்.

ஜெயசுதா ஒன்றே ஒன்று சொன்னாள். "மலையில மட்டும் இன்னா, வூட்டுக்கு வூடு டிஷ் இருக்குதுங்க. உங்களாண்ட வந்து எதுக்குப் பார்க்கப் போறாங்க?"

"அது டிவி. இது அனுபவம்," என்றான் அறிவுச்செல்வன். கோட்டுக்காரர் சொன்ன வார்த்தை அது.

ஆப்பைச் செய்து தர வடக்கனந்தலில் ரம்யா என்ற பெண் கிடைத்தாள். பொறியியல் படித்துவிட்டு வீட்டிலிருந்தே பெங்களூர் கம்பெனிக்கு வேலை செய்துகொண்டிருந்தவள். அதிகம் பேசமாட்டாள். ஸ்கோர் விவரம் குட்டிக் குட்டிச் செய்தியாக வருவதால் சிக்னல் குறைவான மலையிலும் ஆப் நன்றாக ஓடும் என்றாள். காது கேளாதவர்களுக்காகத் தன் யோசனையில் ஒரு வசதியும் சேர்த்தாள். சத்தத்தை அணைத்துவிட்டால் போன் அதிரும். ஃபோருக்கு ஒருமுறை, சிக்ஸருக்கு இருமுறை, விக்கெட்டுக்கு நீளமாக. "ஆனா வீடியோ அப்பிடி இல்லண்ணா, மலையில திக்கித் திக்கித்தான் வரும்," என்று எச்சரித்தாள். அவன் அப்போது ஆப்பின் முகப்பில் வைக்கத் தன்னுடைய எந்தப் புகைப்படம் பொருத்தம் என்று தேடிக்கொண்டிருந்தான்.

விளம்பரத்துக்கு வடக்கனந்தல் தங்கதுரை ஒப்புக்கொண்டார். கரும்பு, நெல், கல்யாண மண்டபம் என்று வசதியான புள்ளி. அடுத்த உள்ளாட்சித் தேர்தலில் நிற்கும் எண்ணம் வேறு இருந்தது. மலை ஜனத்தின் போனில் தன் பெயர் அடிக்கடி மின்னினால் நல்லதுதானே என்று கணக்குப் போட்டார்.

சாமான்களை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போனது சேவியர்ராஜின் ஜீப்பில். சங்கராபுரத்துக்காரன், வெள்ளிமலைக்கும் கீழ்நாட்டுக்கும் தினமும் ஓட்டுகிறவன். வளைவில் ஏறும்போது அவன், கூடத்துக்குப் பக்கத்து வீட்டில் டிஷ் இருக்கிறது, ஒரு ஒயர் இழுத்துவிட்டால் படம் தடங்கலில்லாமல் வரும் என்று சொல்லிப் பார்த்தான். அறிவுச்செல்வன் அவனைப் பரிதாபமாகப் பார்த்து, இது முழுக்க முழுக்கக் கைப்பேசித் திட்டம், இதில் ஒயருக்கு இடமில்லை என்று விளக்கினான். சேவியர்ராஜ் கியரை மாற்றினான்.

அரையிறுதி அன்று திறப்பு விழா. தங்கதுரை ரிப்பன் வெட்டினார். சன்னல்களைத் தார்ப்பாயால் மூடி, சுண்டல் கொடுத்து, கூடம் நிறைய ஜனம். வீட்டில் டிஷ் இருந்தும் வந்தார்கள். கூட்டமாக உட்கார்ந்து பார்ப்பதில் ஒரு சந்தோஷம் இருக்கத்தான் செய்கிறது. திரையில் பந்துவீச்சாளர் கைக்குட்டையால் முகம் துடைத்துக்கொண்டிருந்தார். அப்போது கூடத்திலிருந்த அத்தனை போன்களும் ஒரே குரலில், "சிக்ஸர்டா சிங்கமே" என்று கத்தின. ஜனம் திடுக்கிட்டுத் திரையைப் பார்த்தது. பந்துவீச்சாளர் இன்னும் முகம்தான் துடைத்துக்கொண்டிருந்தார். திரையில் வட்டம் சுற்றி, படம் நின்று, மறுபடி அசைந்து, ஒருவழியாகப் பந்து எல்லைக்கோட்டுக்கு மேலே பறந்தபோது கைதட்ட ஒருவர்கூட இல்லை. நாளெல்லாம் இப்படியேதான். செய்தி முன்னால் ஓடியது, படம் பின்னால் நொண்டியது. ஆப் கண்ணீர்க் குரலில் "ஐயோ, அவுட்டு" என்று கத்தியபோது திரையில் அதே ஆட்டக்காரர் தெம்பாக மட்டையைத் தட்டிக்கொண்டிருந்தார். அவரைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது.

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ரங்கம்மாள் சாமைக் காட்டு வேலையை அரைநாளோடு விட்டுவிட்டு வந்தவள். "கதைய முன்னாடியே சொல்லிட்டா அப்புறம் படம் எதுக்குப்பா?" என்றாள்.

அறிவுச்செல்வன் இரண்டு நாள் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தான். இறுதிப் போட்டியன்று மைக்கைப் பிடித்து, ரசிகப் பெருமக்கள் அனைவரும் தங்கள் கைப்பேசிகளை அணைத்துவிடுமாறு பணிவோடு கேட்டுக்கொண்டான். போனைத் தடவும் நூறு கோடிப் பேரில் பங்கு கேட்டுப் புறப்பட்டவன், கிடைத்த ஒரு கூடம் ஜனத்தையும் போனை அணைக்கச் சொன்னான். அதில் ஏதோ கோளாறு இருப்பதாக அவனுக்குத் தோன்றவே இல்லை. ரம்யா கடைசி வரிசையில் உட்கார்ந்து முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டாள்.

எல்லோரும் அணைத்தார்கள். சேவியர்ராஜ் மட்டும் சத்தத்தை அணைத்துவிட்டுப் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

அவன் உட்கார்ந்தது தங்கதுரையின் நாற்காலிக்குப் பக்கத்தில், தரையில். ஆட்டம் சூடுபிடித்ததும் தங்கதுரை உரக்க ஜோசியம் சொல்ல ஆரம்பித்தார். இன்று நம்மை அசைக்க ஆளில்லை என்றார். சேவியர்ராஜ் மெதுவாக, இன்னும் ரெண்டு பந்தில் ஒன்று விழும் போலிருக்கிறது என்றான். தங்கதுரை சிரித்து, விழுந்தால் கூடத்துக்கே டீ என்றார். விழுந்தது. டீ வந்தது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்றும் விழும் என்றான். தங்கதுரை மலைவாழை ஒரு தார் பந்தயம் வைத்தார். அதுவும் விழுந்தது. பிறகு இந்த ஓவரில் ஃபோர் வராது, அடுத்த ஓவரிலும் வராது என்று சொல்லிக்கொண்டே போனான். அன்றைக்கு அதைச் சொல்ல ஆப் தேவைப்படவில்லை, வெகுநேரமாக ஃபோர் யாருக்குமே வரவில்லை.

தங்கதுரைக்கு இப்போது முகம் சிவந்துவிட்டது. தோற்றது ஒரு பக்கம், ஜீப் ஓட்டுகிறவனிடம் தோற்றது இன்னொரு பக்கம். நம்ம நாட்டுக்காரன் அவுட்டாவதில் உனக்கென்ன அவ்வளவு ஆசை என்று கேட்டார். ஆசையில்லை அண்ணே, மனசுக்குப் படுது, சொல்றேன் என்றான் சேவியர்ராஜ் பவ்யமாக. அரைச் சதம் தாண்டி நின்றுகொண்டிருந்தவர்தான் கூடத்துக்கு இருந்த ஒரே நம்பிக்கை. அவரும் போய்விடுவார் என்று அவன் சொன்னதும் தங்கதுரை எழுந்து நின்றுவிட்டார்.

"அவன் மட்டும் அவுட்டானா, எம் பட்டியில இருக்கிற பெரிய கிடாவ இந்த ஊருக்கே வெட்டிப் போடறேன். இன்னா சொல்ற?"

"நான் இன்னாண்ணே சொல்றது. நீங்களே சொல்லிட்டீங்க."

திரையில் வட்டம் சுற்றியது. படம் அசைந்தது. பந்து மட்டையில் பட்டு உள்ளே திரும்பி ஸ்டம்பைச் சாய்த்தது. ஊர் மொத்தமும் வாயடைத்து உட்கார்ந்திருந்த அந்த அமைதியில் சேவியர்ராஜின் சட்டைப்பை மாட்டிக்கொண்ட வண்டு மாதிரி உறுமியது. மைதானத்தில் ஆட்டம் அதற்குள் இன்னும் முன்னால் போய்விட்டிருந்தது, திரைக்கு வராத அடுத்த செய்தி அது.

தங்கதுரை குனிந்து போனை எடுத்துப் பார்த்தார். அறிவுச்செல்வனின் சிரித்த முகம். அதன் கீழே விழுந்த விக்கெட்டுகள் ஒவ்வொன்றாக. ஒவ்வொரு விக்கெட்டுக்கும் கீழே, 'வழங்குபவர்: தங்கதுரை திருமண மண்டபம், வடக்கனந்தல். ஏசி வசதி உண்டு.'

அவர் சேவியர்ராஜைத் திட்டவில்லை. மைக் பக்கத்தில் நின்றுகொண்டிருந்த அறிவுச்செல்வனிடம் போனார்.

"ஆப்பு ஆப்புன்னு நீ சொன்னப்பவே எனக்குப் புரிஞ்சிருக்கணும்டா. எங்கிட்டயே வாங்கி எனக்கே சொருகிட்ட."

அறிவுச்செல்வன், இது நேரடிப் பங்கேற்பு, ரசிகர்களை ஈர்ப்பதில் இது ஒரு புதிய கட்டம் என்று ஏதோ சொல்லத் தொடங்கினான். அதற்குள் தங்கதுரை வண்டியை எடுக்கச் சொல்லிக் கிளம்பினார். வாசலில் ரங்கம்மாள் நின்றிருந்தாள். வழிமறிக்கவெல்லாம் இல்லை, கிடா எப்போது வரும் என்று மட்டும் கேட்டாள். தேர்தலில் நிற்கப் போகிறவர் அதற்கு வேறென்ன சொல்ல முடியும், அடுத்த ஞாயிறு என்றார்.

போட்டியில் இந்தியா தோற்றது. சேவியர்ராஜின் வாய்முகூர்த்தம் என்று சிலரும், அறிவுச்செல்வனின் ஆப் முதலிலேயே அபசகுனமாகக் கத்தியதால்தான் என்று பலரும் நம்பினார்கள். ஆனால் அடுத்த ஞாயிறு கிடா நிஜமாகவே வந்தது. கூடத்துக்கு வெளியே அடுப்பு மூட்டி, ஊர் உட்கார்ந்து சாப்பிட்டது. தங்கதுரையே பந்தி பரிமாறினார், பல்லைக் கடித்துக்கொண்டு. அறிவுச்செல்வனும் போயிருந்தான். சாப்பிடுகிறவர்களை நாற்காலிமேல் ஏறிப் படம் பிடித்துக்கொண்டான்.

அன்றைக்கு ரம்யாவிடம் சேவியர்ராஜ் ஒரு சந்தேகம் கேட்டான். மழைக்கு மலைப்பாதையில் மரம் விழுந்தாலோ பேருந்து வராவிட்டாலோ இதே மாதிரி குட்டிச் செய்தி அனுப்ப முடியுமா என்று. முடியும் என்றாள். ஒரு வாரத்தில் செய்தும் கொடுத்தாள். பாதை அடைத்திருந்தால் ஜீப் ஓட்டுகிறவர்கள் யாராவது ஒருவர் தட்டிவிடுவார்கள், ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் கிளம்புகிறவர்கள் பார்த்துவிட்டுக் கிளம்புவார்கள். இன்றைக்கும் அது ஓடிக்கொண்டிருக்கிறது. அறிவுச்செல்வனுக்கு அதில் அக்கறை இல்லை. பேருந்து வரவில்லை என்பதில் சர்வதேசத் தரம் எங்கே இருக்கிறது என்று கேட்டான்.

அடுத்த வருடம் ஒலிம்பிக்கை முன்னிட்டு அதே ஓட்டலில் அதே கருத்தரங்கு. இந்த முறை அவனை வெற்றிக்கதை சொல்லும் பேச்சாளராக அழைத்திருந்தார்கள். கோட்டு தைத்துக்கொண்டு போனான். கிடா விருந்துப் படத்தைப் பெரிய திரையில் போட்டு, மலைவாழ் மக்கள் கைப்பேசித் தொழில்நுட்பத்தைக் கொண்டாடும் காட்சி என்றான். கைதட்டல் பலமாக இருந்தது. மேடையில் பேசுகிறவர்களும் கட்டணம் கட்ட வேண்டும் என்பது இறங்கிய பிறகுதான் தெரிந்தது.

ஜெயசுதாவுக்குப் போன் போட்டுப் பணம் அனுப்பச் சொன்னான். கடையில் அப்போது நல்ல கூட்டம். அவள் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு ஒருவருக்கு சிம் போட்டுக்கொண்டிருந்தாள். "அனுப்பறேன். நாலு பேரு டிஸ்பிளே மாத்தக் குடுத்துட்டு உக்காந்துக்கினு இருக்காங்க. மதிய பஸ்ஸுக்கே வந்துடுங்க," என்றாள்.